ஹீமோகுளோபின்: ஒரு நாள் கணக்கு

ஆரோக்கியமான ஆண் ஒருவருக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம். பரிசோதனைச் சீட்டில் 100 மில்லிக்கு 15 கிராம் ஹீமோகுளோபின் என்றிருந்தால், உடலின் மொத்தக் கையிருப்பு 750 கிராம். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். எனவே நாளொன்றுக்கு 6.25 கிராம் கழிகிறது. அதே அளவை எலும்பு மஜ்ஜை ஈடுகட்ட வேண்டும். வினாடிக்கு ஏறத்தாழ 24 லட்சம் புதிய சிவப்பணுக்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள்.

சரக்கு

ஒரு மூலக்கூறில் புரதச் சங்கிலிகள் நான்கு. ஆல்பா 2 × 141, பீட்டா 2 × 146. ஆக 574 அமினோ அமிலங்கள். சங்கிலிக்கு ஒரு ஹீம், ஹீமுக்கு ஓர் இரும்பு அணு. இவை மடிந்து அமர்ந்திருக்கும் விதத்தை எக்ஸ் கதிர் கொண்டு அறியும் வேலையை மேக்ஸ் பெரூட்ஸ் கேம்பிரிட்ஜில் 1937-இல் தொடங்கினார். முதல் வடிவம் அச்சேறியது 1960-இல். 1962-இல் நோபல் பரிசு.

கூலி

ஓர் அமினோ அமிலத்தைச் சங்கிலியில் சேர்க்க 4 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவு: அதைத் தூக்கிவரும் ஆர்.என்.ஏ.வில் ஏற்ற 2, ரைபோசோமில் கோக்க 2. ஒரு மூலக்கூறுக்கு 574 × 4 = 2,296. நாள் முழுவதற்கும் கூட்டினால், கோக்கும் கூலி சுமார் 1.3 கிராம் குளுக்கோஸ் தரும் ஆற்றல்தான்.

வரவு

ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 750 கிராமுக்கு ஏறக்குறைய 1 லிட்டர். ஹீமோகுளோபினே இல்லாவிட்டால் அதே 5 லிட்டரில் கரைவது வெறும் 15 மில்லி.

மீட்பு

நாளொன்றுக்குத் தேவை சுமார் 21 மில்லிகிராம் இரும்பு. உணவிலிருந்து சேர்வது 1 முதல் 2 மில்லிகிராம். மீதியெல்லாம் மண்ணீரலிலும் கல்லீரலிலும் பழைய அணுக்களைப் பிரித்து எடுத்த இரும்பு.

பிழை

பீட்டா சங்கிலியின் 146 அமிலங்களுக்கு மரபணுவில் 438 எழுத்துகள். அவற்றில் குறிப்பிட்ட ஒன்று மாறினால் 6-ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்காரும். இதை 1957-இல் காட்டியவர் வெர்னன் இங்கிராம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த எழுத்து வந்தால் அரிவாள் செல் சோகை. இந்தியாவில் அரிவாள் பண்பு முதலில் பதிவானது 1952-இல், நீலகிரிப் பழங்குடியினரிடம்; ஆய்ந்தவர்கள் லேமனும் கட்புஷும்.

பிழையான மூலக்கூறுக்கும் கூலி அதே 2,296தான். செலவுப் பக்கத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஆயுள் பக்கத்தில்தான் அது தெரியும்: 120 நாள் இருக்க வேண்டிய அணு 10 முதல் 20 நாளில் உடைகிறது. அந்த 750 கிராமை நிலைநிறுத்த மஜ்ஜை 6 முதல் 12 மடங்கு உழைக்க வேண்டும். அவ்வளவு அதனால் முடிவதில்லை. சீட்டில் 15 இருக்க வேண்டிய இடத்தில் 8 அல்லது 9 நிற்பது அதனால்தான்.