கோடை விடுமுறையும் கணக்குப் புத்தகமும்

கோடை விடுமுறையில் மேடவாக்கத்துச் சிறுவர் பொழுது வீணாகாதிருக்க அமெரிக்க அனுபவமொன்று வழிகாட்டும். 1902-ஆம் வருஷத்தில் ஒஹையோ மாகாணத்துப் பள்ளி மேற்பார்வையாளர் கிரஹாம் தொடங்கிய சிறுவர் சங்கம், பிற்காலத்து 'நான்கு எச்' இயக்கத்திற்கு வித்தாயிற்று. தலை, இருதயம், கை, தேக சுகம் ஆகியவற்றின் இங்கிலீஷ்ப் பெயர்களின் முதலெழுத்தே அப்பெயர். 1921-இல் மேற்கு வர்ஜீனியாவின் ஜாக்ஸன்ஸ் மில்லில் அதன் மாகாண முகாம் ஏற்பட்டது. அங்கே இளைஞர் கூடி வசித்து, மாலையில் தீயைச் சூழ்ந்தமர்ந்து கலந்துரையாடுவர்.

ஆயினும் இயக்கத்தின் உயிர்நிலை கணக்குப் புத்தகமே. தம் பொறுப்பில் பயிரோ கன்றோ வளர்க்கும் சிறுவர், விதை, தீனி முதலிய செலவையும் விற்ற வரவையும் தம் கைப்படவே எழுதுவர்.

மேடவாக்கத்தில் வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. எனினும் கொல்லைப்புறத்தில் ஒரு கீரைப்பாத்திக்கு இடமுண்டு; முளைக்கீரை ஒரு மாதத்திற்குள் பறிப்புக்கு வரும். அப்பாத்தியைப் பிள்ளையிடமே ஒப்புவியுங்கள். வாரந்தோறும் கணக்கை மட்டும் பார்வையிடுங்கள். நஷ்டம் நேரின் மறைவாக ஈடுசெய்யலாகாது. கிராம அதிகாரிகள் விடுமுறை முடிவில் பிள்ளைகளைக் கூட்டிக் கணக்குகளை ஒப்பிடச் செய்தல் நலம்.

பாத்தியில் காணும் நஷ்டம் சில ரூபாயே; கணக்கறியாது கடன்பட்டுப் பயிரிடுவோன் இழப்பதோ நிலம்.