டிரிம்மருக்கு ஆர்டர் போடும் முன்

ரைபிளுக்கு லைசென்ஸ் இருக்கிறது, சுட்டு முடித்த பித்தளை உறைகளும் டப்பா நிறையச் சேர்ந்திருக்கின்றன. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்தால், நாமும் வீட்டிலேயே தோட்டா நிரப்பினால் என்ன என்று தோன்றும். உறையின் வாயை அளவாகச் சீவும் டிரிம்மர்தானே, அதில் வெடிமருந்தே இல்லையே என்று பெங்களூரு முகவரிக்கு ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2ஆம் பிரிவைப் பொறுமையாகப் படியுங்கள். தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும் 'தோட்டா' என்ற விளக்கத்துக்குள்ளேயே வருகின்றன. டிரிம்மரும் அதில் அடங்கும் என்று போலீஸ் சொன்னால், மறுத்து வாதாட வேண்டிய பாரம் உங்கள் தலையில் விழும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் 10ஆம் பிரிவின்படி இறக்குமதி உரிமம் வேறு கேட்பார்கள். உங்கள் கையில் இருப்பது துப்பாக்கி வைத்திருக்க மட்டுமே லைசென்ஸ். தயாரிப்புக்கு 5ஆம் பிரிவில் தனி உரிமம் வேண்டும். அது இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம்.

குடகர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து விதிவிலக்கு உண்டே என்பார்கள். உண்மைதான். கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 செப்டம்பரில் அது செல்லும் என்றது. ஆனால் அந்தச் சலுகைக்கும் எல்லை உண்டு. குடகுக்கு வெளியே வசிக்கும்போது ஒரு ரைபிள், அதற்கு 100 தோட்டா. ஒரு வேட்டைத் துப்பாக்கி, அதற்கு 500 தோட்டா. வைத்திருப்பதற்கான அந்தச் சலுகையை, வீட்டில் தோட்டா செய்ய அனுமதி என்று நீட்டிப் படிக்கக் கூடாது.

உயிருக்கும் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும், மறுபடி அளவுக்குக் கொண்டுவரும்போதும் பித்தளை கொஞ்சம் நீளும். .30-06 உறையின் உச்ச நீளம் 2.494 அங்குலம். அதைத் தாண்டிய உறையின் வாய் அறையின் முனையில் முட்டி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு விலகத் தாமதமாகும் அந்தக் கணத்தில் அழுத்தம் எகிறும். உறை பிளந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பும். அதனால்தான், உரிமம் பெற்று இந்த வேலையைச் செய்பவர்கள்கூட டிரிம்மருக்கு முன்னால் நல்ல வெர்னியர் காலிப்பர் வாங்குகிறார்கள். பயிற்சிக்குப் பலரும் பயன்படுத்தும் .22 தோட்டாவுக்கோ இந்தப் பேச்சே கிடையாது. அதன் தீமருந்து விளிம்பிலேயே இருப்பதால் வீட்டில் மறுபடி நிரப்பும் வழக்கம் பொதுவாக இல்லை.

ஆர்வம் உண்மையானதென்றால் பெங்களூரு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். உரிமம் மறுத்தால், காரணத்தைக் கேட்டுப் பெற 14ஆம் பிரிவும், மேல்முறையீட்டுக்கு 18ஆம் பிரிவும் வழி தருகின்றன. வாய்மொழியாக 'பரவாயில்லை' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அல்சூர் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், அடியில் 'கே.எஃப்.' என்று பொறித்த கிர்க்கித் தொழிற்சாலை .303 உறை கிடைக்கலாம். தொடர்புடைய மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவு விலக்கு தருகிறது. அதே பெட்டியில் தீமருந்தும் நிரப்பும் கருவியும் இருந்தால் அந்த வாதம் ஆட்டம் காணும். தெரியாமல் பையில் கிடந்த தோட்டா தேவனஹள்ளி விமான நிலைய ஸ்கேனரில் அகப்பட்டாலும் வழக்கு வரலாம். உடைமை என்றால் அறிந்து வைத்திருப்பது என்று உச்ச நீதிமன்றம் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் சொன்னது அப்போது கைகொடுக்கும். ஆனாலும் விமானம் போய்விட்டிருக்கும்.

லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால், தோட்டாவையும் கருவியையும் எடைக்குப் போடாதீர்கள். 21ஆம் பிரிவின்படி தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். சட்டப்படி திரும்பப் பெறவோ விற்கவோ வாரிசுக்கு உரிமை உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். எத்தனை உறை, என்னென்ன கருவி என்று வரிசையாக எழுதிய, முத்திரையிட்ட ரசீதைக் கையில் வாங்காமல் நிலையத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம்.