வணிக வழங்கிகளும் மாறாமையும்: சென்டோசுக்குப் பின்

வங்கியிலும் பல்கலைக்கழகத்திலும் வணிக நிலையத்திலும் இரவுபகல் ஓயாது நின்று பலர்க்கும் ஒருங்கே பணிபுரியும் கணினியை வழங்கி என்பர். அதன் பணிசெயல் முறைமையிடம் உரியவர் வேண்டுவது புதுமையன்று, மாறாமையே. இன்று ஓடிய செய்நிரல் நாளையும் அவ்வாறே ஓடல் வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தவறாது வருதல் வேண்டும். கணினி பயிலும் நம் மாணவர் புதுப்பதிப்புக்களையே நாடி ஓடுதலின் இதனை முதலிற் சொல்லிவைத்தேன்.

அமெரிக்காவின் றெட் ஹற் நிறுவனம் விற்றுவருவது இம்மாறாமையையே. லினக்ஸின் மூலநிரல் யாவர்க்கும் பொது. ஆயினும் அதனைச் சோதித்து ஒழுங்குசெய்து, ஒரு பதிப்பைப் பத்தாண்டு பேணுவதாக வாக்களித்து அந்நிறுவனம் சந்தாப் பெறுகின்றது. அவ்வாறு ஒழுங்குசெய்த மூலநிரலையே எடுத்து, வணிகச் சின்னங்களை நீக்கி, மீளத் தொகுத்து இலவசமாக வழங்க 2004 இல் எழுந்ததே சென்டோஸ். சந்தா செலுத்த இயலாத கல்விநிலையங்களும் சிறு நிறுவனங்களும் (இயன்றும் செலுத்த மனமில்லாதாருந்தாம்) அதனைத் தழுவின.

2014 இல் றெட் ஹற் சென்டோசைத் தன் ஆதரவின்கீழ்க் கொண்டது. 2019 இல் றெட் ஹற்றையே ஐ.பி.எம். நிறுவனம் 3,400 கோடி டொலருக்கு வாங்கிற்று. அவ்வாண்டு வெளிவந்த சென்டோஸ் 8, 2029 வரை பேணப்படும் என்றே பயன்படுத்துவோர் நம்பியிருந்தனர். 2020 டிசெம்பர் 8 ஆம் நாள் வந்த அறிவித்தலோ, 2021 இன் முடிவோடு அது நின்றுவிடும் என்றது. ஏழாண்டுக்கு மேற்பட்ட காலம் ஒரே நாளில் அற்றுப்போயிற்று!

அதனிடத்தில் வைக்கப்பட்ட சென்டோஸ் ஸ்ட்ரீம் வேறியல்பினது. முன்னையது அச்சேறிய நூலின் படி. இஃது அடுத்த பதிப்புக்காகப் பிழை பார்க்கப்படும் அச்சுத்தாள். பிழை காட்டவும் திருத்தம் தரவும் வல்லார்க்கு அத்தாள் பெரும்பேறே. பாடநூல் வேண்டி நிற்பவன் கையில் அதனைக் கொடுத்தல் தகுமா?

சென்டோசைத் தோற்றுவித்தவருள் ஒருவரான கிரெகரி கேட்சர், காலஞ்சென்ற தம் தோழர் றொக்கி மக்கோ நினைவாக றொக்கி லினக்ஸைத் தொடங்கினார். கிளவுட் லினக்ஸ் நிறுவனம் அல்மா லினக்ஸைத் தொடங்கிற்று. இரண்டும் 2021 இல் வெளிவந்தன. 2023 யூனில் றெட் ஹற், தன் பதிப்பின் மூலநிரல் இனிச் சந்தாதாரர்க்கே என்றும், பொதுவிற் கிடைப்பது ஸ்ட்ரீமின் நிரல் மட்டுமே என்றும் அறிவித்தது. மென்பொருளைப் பெற்றவனுக்கு மூலநிரலையும் தருக என்பதே பொது உரிமத்தின் கருத்தாதலின், இதனை முறைகேடென்று யான் கூறேன். சொன்ன காலத்தை இடையிற் குறைத்தமையே பெருங்குறை.

றொக்கி தொடர்ந்து வரிக்குவரி ஒத்த படியாகவே நிற்க முயல்கின்றது. ஒறக்கிள், சூசே, சி.ஐ.கியூ. என்னும் மூன்று நிறுவனங்களும் மூலநிரலைப் பொதுவிற் பேண 2023 ஓகஸ்டில் ஒரு சங்கம் அமைத்தன. அல்மாவோ வேறு வழிச் சென்றது: எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தலைக் கைவிட்டு, றெட் ஹற்றில் ஓடும் செய்நிரல் தன்னிலும் ஓடினாற் போதும் என்றது. அதற்கு முன்னரே, 2022 இல், ஜெனீவாவை அடுத்த சேர்ண் ஆய்வுநிலையமும் அமெரிக்காவின் பேர்மி ஆய்வுகூடமும் தம் பௌதிகப் பரிசோதனைகளுக்கு அல்மாவையே தெரிந்திருந்தன.

இப்புது வழியின் பயன் 2025 இற் புலனாயிற்று. றெட் ஹற்றின் 10 ஆம் பதிப்பு பழைய முறைவழியாக்கிகள் பலவற்றைக் கைவிட்டது. அல்மாவின் 10 ஆம் பதிப்போ அவற்றுக்கெனத் தனியொரு தொகுப்பையும் உடன் வெளியிட்டது.