மலைவாசி வந்தாலே இறகுதானா?

சினிமாவில் மலைவாசி என்று ஒருவர் வந்தால் என்ன உடுத்தியிருப்பார் நேயர்களே? இலை, தழை, தலையில் இறகு, கையில் ஈட்டி... சரிதானே? கூடவே ஒரு தீ, அதைச் சுற்றி ஆட்டம்!

இப்போது கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் போய் இறங்குங்கள். எதிரே வருகிற பழங்குடிக்காரர் வேட்டி சட்டையில் இருப்பார். மரவள்ளி விலை என்ன ஆச்சு என்று நல்ல தமிழில் கேட்பார். அந்த இறகை நம் சினிமா எங்கிருந்துதான் பிடித்ததோ!

அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் இதே கதைதான். லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் என்றால் ரொம்ப காலம் வீட்டு வேலைக்காரி, தோட்டக்காரர், இல்லாவிட்டால் ரவுடி. 1951-லேயே 'ஐ லவ் லூசி' தொடரில் கியூபாவில் பிறந்த டெசி ஆர்னாஸ், இசைக்குழு நடத்தும் கணவராக நடித்தார். ஆனால் அவர் விதிவிலக்கு.

தமிழில் அப்படி ஒரு விதிவிலக்கு 2009-இல் வந்தது. எஸ்.பி. ஜனநாதன் இயக்கிய 'பேராண்மை'. அதில் பழங்குடி இளைஞன் துருவன் வனத்துறையில் வேலை பார்ப்பவன். கல்லூரி மாணவிகளுக்குக் காட்டில் பயிற்சி கொடுப்பான். மேலதிகாரி சாதியைச் சொல்லி மட்டம் தட்டுவார், ஆனால் நாட்டுக்கு ஆபத்து வரும்போது முன்னால் நிற்பவன் அவன்தான். துருவனாக நடித்தவர் ஜெயம் ரவி. மலையிலிருந்தே ஒரு நடிகர் கதாநாயகனாக எப்போது வருவாரோ, அதையும் பார்க்கலாம்!