கடிகாரம் கையில், கைபேசி எங்கே?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் முதியவரின் மணிக்கட்டில் இன்று ஸ்மார்ட் வாட்ச் எனப்படும் திறன் கடிகாரத்தைக் காண்பது அரிதன்று. நாடித் துடிப்பை அளக்கும், மருந்து வேளையை நினைவூட்டும், தவறி விழுந்தால் வீட்டாரை அழைக்கும் என்று நம்பிப் பிள்ளைகள் அதனை வாங்கித் தருகின்றனர். ஆயினும், துறையூரைக் கடந்து பச்சைமலை மீது டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் வாழும் தாய்க்கும், திருவரங்கத்து உத்தர வீதியில் வாழும் தாய்க்கும் அக்கடிகாரம் ஒரே விதமாக உதவுவதில்லை. அதன் காரணத்தை அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவருக்கும் நன்று.

இரண்டு இணைப்புகள்

பெரும்பாலான திறன் கடிகாரங்களில் சிம் கிடையாது. அவை புளூடூத் அலைவழியாகக் கைபேசியோடு மட்டுமே பேசும். கைபேசியோ கோபுரத்தின் வழியாக வெளியுலகோடு பேசும். ஆகவே, கடிகாரத்திலிருந்து பிள்ளையின் காதுக்குச் செல்லும் வழியில் இரண்டு கண்ணிகள் உள்ளன. ஒன்று அறுந்தாலும் அழைப்பு போய்ச் சேராது.

பச்சைமலையின் மடிப்புகளில் கோபுரத்தின் அலை எட்டாத இடங்கள் உண்டு. அங்கே கடிகாரமும் கைபேசியும் ஒன்றோடொன்று இணைந்தே இருக்கும். 'இணைக்கப்பட்டது' என்று திரையும் காட்டும். ஆனால் அழைப்பு வெளியே செல்லாது. திருவரங்கத்திலோ கைபேசிக்கு அலை நன்றாகக் கிடைக்கும். அங்குள்ள பழைய வீடுகள் திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எனக் கொல்லை வரை நீண்டவை. கைபேசி வாசலறையில் இருக்க, அம்மா கிணற்றடிக்குச் சென்றால் முதல் கண்ணியே அறுந்துவிடும்.

பத்து மீட்டரும் அதற்குள்ளும்

10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னரின் பட்டப்பெயரே புளூடூத். சிதறிக் கிடந்த மக்களை அவர் இணைத்ததுபோல, கருவிகளை இணைப்பதால் இப்பெயர் வந்தது. கடிகாரத்துக்கும் கைபேசிக்கும் இடையே அதன் வீச்சு ஏறத்தாழ 10 மீட்டர். தடையற்ற வெளியில் சற்றுக் கூடலாம். சுவர்களுக்கு இடையே வெகுவாகக் குறையும். கம்பி கட்டிய கான்கிரீட், இரும்பு பீரோ, தடித்த மண்சுவர் ஆகியவை அலையைத் தடுக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே அலைவரிசையில் இயங்குவதால் குறுக்கிடக்கூடும்.

நம் உடலும் ஒரு தடையே. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சும். உடலின் பெரும்பகுதி நீர். வீட்டுக்குள் சுவர்களில் பட்டுத் திரும்பும் அலை வேறு வழியாகவேனும் வந்து சேரும். திறந்த மரவள்ளிக் காட்டில் அவ்வாறு திருப்பியனுப்பச் சுவர் இல்லை. ஆகவே இடக்கையில் கடிகாரம் கட்டியவர், கைபேசியையும் இடப்புறமே இடுப்பில் வைத்துக்கொள்வது நல்லது.

இணைப்பு அறுந்தால்

நாடித் துடிப்பையும் நடையையும் கடிகாரம் தொடர்ந்து அளக்கும். அவற்றைச் சேமித்து வைத்து, மீண்டும் இணையும்போது கைபேசிக்கு அனுப்பும். நின்றுபோவது அழைப்பும் குறுஞ்செய்தியும் வீட்டாருக்குச் செல்லும் எச்சரிக்கையுமே. விழுந்ததைக் கடிகாரம் உணர்ந்தாலும், அதனைப் பிறருக்குச் சொல்லக் கைபேசி வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை

கைபேசியை அது வழக்கமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். நோயாளி கடிகாரத்தோடு சமையலறை, குளியலறை, கொல்லை, மாட்டுத்தொழுவம் என ஒவ்வோர் இடமாகச் செல்லட்டும். உடனிருப்பவர் வேறொரு கைபேசியிலிருந்து ஒவ்வொரு முறையும் அழைக்கட்டும். கடிகாரம் அதிராத இடமே ஆபத்தான இடம். வழுக்கி விழ வாய்ப்புள்ள குளியலறை அவற்றுள் ஒன்றானால், கைபேசியின் இடத்தை மாற்றுங்கள்.

இணைப்பு அறும்போது கடிகாரம் அதிரும்படி அமைக்கும் வசதி பலவற்றில் உண்டு; அதனை இயக்குங்கள். கைபேசியின் மின்சேமிப்பு முறை கடிகாரச் செயலியை நிறுத்திவிடக்கூடும். அச்செயலிக்கு விலக்கு அளியுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் ஒன்றை மறவாதீர்கள். கைபேசியைக் கழுத்துப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்தல் ஆகாது. கைபேசி, கடிகாரம், அதன் காந்த மின்னேற்றி ஆகியவற்றுக்கும் பேஸ்மேக்கருக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

மலையில் வாழ்வோர்க்கு

அலை கிடைக்கும் இடம் எது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். நாள்தோறும் குறித்த நேரத்தில் பிள்ளைகளோடு பேசும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். அந்நேரத்தில் அழைப்பு வராவிட்டால் நேரில் சென்று பார்க்க அண்டை வீட்டார் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்தக் கருவியும் செய்ய இயலாததை அவர் செய்வார்.

இறுதியாக ஒன்று. மாரடைப்பைக் கண்டறிய இக்கடிகாரங்களால் இயலாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், திடீர் மயக்கம் நேர்ந்தால், திரையில் எண்கள் சீராக இருப்பினும் காத்திராதீர்கள், 108-ஐ அழையுங்கள். அலை இல்லையெனில் ஒருவரை அலை கிடைக்கும் இடத்துக்கு விரைந்து அனுப்புங்கள். நோயாளியை நடக்க விடாதீர்கள்.