எத்தினையாம் பிள்ளை?

நம்ம ஊர் ரேங்க் கார்டுல கடைசியா ஒரு கட்டம் இருக்கும், ஞாபகம் இருக்கா மக்களே? வகுப்பாசிரியர் குறிப்பு. எனக்குத் தெரிஞ்சு அதுல மூணே மூணு விஷயம்தான் எழுதுவாங்க: 'நன்று', 'முயற்சி தேவை', 'கவனம் தேவை'. ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் என் கார்டுல 'முயற்சி தேவை'ன்னே இருந்துச்சு. எதுல முயற்சின்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. அப்பா அந்தக் கட்டத்தைப் படிச்சதே இல்லை. கண்ணு நேரா ரேங்குக்குப் போகும், மூஞ்சி மாறும், கையெழுத்து விழும். அவ்ளோதான்.

சுவீடனுக்குப் படிக்க வந்த பிறகுதான் இதுக்கு நேர் எதிரா ஒரு ஏற்பாடு இருக்குன்னு தெரிஞ்சுது. இங்க ஆறாம் வகுப்புக்குக் கீழே பொதுவா கிரேடு கிடையாது. (2021 ஏப்ரல்லேர்ந்து தலைமை ஆசிரியர் நினைச்சா நாலாவதுலேர்ந்தே கொடுக்கலாம்னு ஒரு ஜன்னலைத் திறந்து வச்சிருக்காங்க.) அதுக்குப் பதிலா டெர்முக்கு ஒரு தடவை ஆசிரியர், பெற்றோர், பிள்ளை மூணு பேரும் உட்கார்ந்து பேசணும். கிரேடு இல்லாத வகுப்புகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எழுத்துல ஒரு வளர்ச்சித் திட்டம். பிள்ளைக்கு என்ன வருது, என்ன வரலை, அடுத்து என்ன செய்யணும், இதெல்லாம் அதுல இருக்கும்.

சுவீடன்காரங்க பிறவியிலேயே இப்படின்னு நினைச்சுடாதீங்க. 1990கள் வரைக்கும் இங்க 1லேர்ந்து 5 வரை கிரேடு, அதுவும் ஒப்பீட்டு முறை. நாடு முழுக்க 7 சதவீதம் பேருக்கு 5, 24 சதவீதத்துக்கு 4, 38க்கு 3, 24க்கு 2, மிச்சம் 7க்கு 1. நீ எவ்வளவு படிச்சேங்கறது கணக்கில்லை, பக்கத்து பெஞ்சுக்காரனைவிட எவ்வளவு படிச்சேங்கறதுதான் கணக்கு. நம்ம ரேங்க் கார்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு சொல்லலாம். (நம்ம ஊர்லயும் 2017ல் பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட்ல ரேங்க் அறிவிக்கறதை நிறுத்தினாங்க. ட்யூஷன் சென்டர் பேனர்ல மட்டும் இன்னும் நிக்கலை.) 1994 பாடத்திட்டத்தோட அந்த ஒப்பீடு போச்சு. 2011ல் ஏ முதல் எஃப் வரைக்கும் வந்துச்சு. அதுவரை எட்டாவதுல ஆரம்பிச்ச கிரேடு, 2012லேர்ந்து ஆறாவதுக்கே இறங்கிடுச்சு. ஏ-க்கு 20 புள்ளி, ஈ-க்கு 10, எஃப்-க்கு சைபர். ஈ-லேர்ந்து ஒரே ஒரு படி சறுக்கினா மொத்தமா பத்துப் புள்ளி காலி.

இதெல்லாம் ஏன் தோண்டினேன்னா, நான் வாடகைக்கு இருக்கற வீட்டு அக்காவால. யாழ்ப்பாணத்துக்காரங்க, பையன் அஞ்சாவது படிக்கிறான். அக்காவோட சுவீடிஷ் கடைகண்ணிக்குப் போதும், ஸ்கூலுக்குப் போதாது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கக் கூச்சம். என்னோட அரைகுறை சுவீடிஷை நம்பி என்னைக் கூட்டிட்டுப் போனாங்க, பாவம். :-)

டீச்சர் இருபது நிமிஷம் பேசினாங்க. பின்னம்னா படம் போட்டுக் காட்டினா பிடிச்சுக்கறான், வெறும் எண்ணா கொடுத்தா தடுமாறறான். கதை எழுதினா தொடக்கம் பிரமாதம், முடிவை மட்டும் ரெண்டு வரியில தள்ளிவிட்டுட்டு ஓடறான், அடுத்த கதைக்கு முடிவை முதல்ல யோசிச்சுட்டு எழுதட்டும். பையன் தலையை ஆட்டிட்டே தன் நோட்டுல குறிச்சுக்கிட்டான். எனக்கு ஒரே பொறாமை. பன்னிரண்டு வருஷப் பள்ளிக்கூடத்துல என்னைப் பத்தி யாரும் இப்படி ரெண்டு வாக்கியம் சொன்னதில்லை.

வெளிய வந்து டிராமுக்கு நிக்கும்போது அக்கா கேட்டாங்க: "எல்லாம் வடிவாத்தான் சொல்லுறா. ஆனா தம்பி, இவன் வகுப்பில எத்தினையாம் பிள்ளை எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்லையே?"

(அதாவது எத்தனாவது ரேங்க்.) நான் சிரிச்சேன். அக்கா சிரிக்கலை.

"சிரிக்காதேங்கோ. அந்த ரெண்டு பக்கத்தை நான் எங்க வாசிக்கிறது? ஏ எண்டாலும் எனக்கு விளங்கும், எஃப் எண்டாலும் விளங்கும். ரியூசனுக்கு விடுறதோ இல்லையோ எண்டு நான் என்னத்தை வச்சு முடிவெடுக்கிறது?"

அன்னிக்கு ராத்திரி ஆணி எல்லாத்தையும் தள்ளி வச்சுட்டு இதைப் படிக்க உட்கார்ந்தேன்.

கிரேடு எதிர்ப்புக் கட்சிக்காரங்க எல்லாரும் முதல்ல எடுத்து நீட்டறது ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஆய்வு. இஸ்ரேல்ல அஞ்சாவது, ஆறாவது படிக்கிற 132 பிள்ளைங்க. சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்கினவங்களுக்கு ஆர்வமும் கூடுச்சு, அடுத்து செஞ்சதும் நல்லா வந்துச்சு. ரெண்டும் வாங்கினவங்க? மதிப்பெண் மட்டும் வாங்கினவங்க மாதிரிதான். எண்ணைப் பார்த்ததும் பக்கத்துல இருக்கற எழுத்து கண்ணுல படறதில்லை போல. அப்பாவை நினைச்சுக்கிட்டேன். ஏற்கனவே நல்லாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு மட்டும் மதிப்பெண்ணால ஆர்வம் குறையலை. ஆமா, ஜெயிக்கறவனுக்கு ஸ்கோர்போர்டு பிடிக்கத்தானே செய்யும்.

ஆனா அக்காவோட கேள்விக்கு அதுல பதில் இல்லை. பதில் சுவீடன்லயே இருந்துச்சு. 1969க்கும் 1982க்கும் நடுவுல கீழ் வகுப்புகளுக்கு கிரேடு வேணுமா வேண்டாமான்னு அந்தந்த ஊரே முடிவு பண்ணிக்கலாம்னு விட்டிருந்தாங்க. ஒரு ஊர்ல உண்டு, அடுத்த ஊர்ல இல்லை. ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன வேணும்? அன்னா ஷேகிரென் என்பவர் அந்தப் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆனாங்கன்னு பார்த்து 2010ல் எழுதினார். அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைகள், கிரேடு வாங்கியிருந்தா மேல்நிலைப் பள்ளியை முடிக்கிற வாய்ப்பு கூடுதல். பட்டதாரிகளின் மகன்களுக்கோ தலைகீழ், கிரேடு வாங்கினவங்க பட்டம் வாங்கறது குறைவு.

படிச்சதும் எனக்கு அக்கா முகம்தான் வந்துச்சு. டீச்சரோட ரெண்டு பக்கத்தை வாசிச்சு, அதுக்கு நடுவுல சொல்லாம விட்டதையும் புரிஞ்சுக்கறது படிச்ச வீட்டுக்குத்தான் சுலபம். மத்தவங்களுக்கு ஒரு எழுத்துதான் எட்டும். இது என் ஊகம், ஆய்வு சொன்னதில்லை.

சரி, கிரேடே நல்லதுன்னு முடிச்சுடலாம்னா அதுவும் முடியலை. இதே ஊர், கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்துல ஆலி கிளாப் அதே காலத்துப் பிள்ளைகளை வச்சு 2015ல் வெளியிட்டது வேற மாதிரி. படிப்புல பின்தங்கின பிள்ளைகள் ஆறாவதுல கிரேடு வாங்கியிருந்தா, மேல்நிலையை முடிக்கிற வாய்ப்பு குறைவு. பின்தங்கினவனுக்கு அடி, படிக்காத வீட்டுப் பிள்ளைக்குப் பிடிமானம். ரெண்டும் ஒரே பிள்ளையா இருந்தா என்ன பண்றது? தலை சுத்துது.

இன்னொண்ணு, யார் எழுதறது? 2008லேர்ந்து ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துல மதிப்பீடு கொடுக்கணும்னு இங்க சட்டமே போட்டாங்க. ஆசிரியர்கள் எழுதி எழுதி மாய்ஞ்சு போய், 2013ல் கிரேடு கொடுக்கற வகுப்புகளுக்கு அது வேண்டாம்னு எடுத்துட்டாங்க. நாப்பது பேர் வகுப்புல 'முயற்சி தேவை'ன்னு எழுதின நம்ம டீச்சர் மேல எனக்கு இருந்த கோபம் இதைப் படிச்சப்போ பாதி குறைஞ்சுது.

குறிப்பு எப்போ வேலை செய்யுதுன்னா, அதை வச்சு மறுபடி ஏதாவது செய்ய வேண்டி இருந்தாதான். எங்க லேப்ல ரிப்போர்ட்டுக்கு எண் கிடையாது. ஓரத்துல கேள்விகளோட திரும்பி வரும், சரி பண்ணிக் கொடுத்தாதான் பாஸ். ஒவ்வொரு வரியும் படிச்சே ஆகணும், வேற வழியில்லை. அதே நான், கிரேடு போட்டு முடிச்ச பரீட்சைப் பேப்பரைத் திருப்பிக்கூட வாங்கப் போனதில்லை.

பையன் அடுத்த வருஷம் ஆறாவது. அதுவரைக்கும் டீச்சரோட குறிப்பை நான் தமிழ்ல எழுதிக் கொடுக்கறதா ஒப்பந்தம். கூலி ஞாயித்துக்கிழமை இடியப்பமும் சொதியும். ஏ, எஃப் எல்லாத்தையும் விட்டுட்டு 1லேர்ந்து 10 வரைக்கும் எண் போடலாம்னு 2025 பிப்ரவரியில் ஒரு அரசுக் குழு பரிந்துரை பண்ணியிருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன்.

"பத்துக்கு எத்தினை எண்டா இன்னும் நல்லம்"னுட்டு தேங்காய் துருவப் போயிட்டாங்க.