மொட்டைப் பனையும் பனங்காடையும்

வரப்போரத்துப் பனை பட்டுப்போய்க் கொண்டை விழுந்துவிட்டால், அதை வெட்டி விறகுக்கோ சூளைக்கோ அனுப்பிவிடுவது வழக்கம். ஓலை இல்லை, பதனீர் இல்லை, நுங்கும் இல்லை. நிற்கவிட்டு என்ன பயன் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அந்த மொட்டைப் பனையின் பொந்தில் பனங்காடை குடியிருந்தால் கணக்கு வேறு.

பெயரில் காடை என்று இருந்தாலும், இது புதருக்குள் ஓடும் காடை இனம் அன்று. மீன்கொத்தி, பஞ்சுருட்டான் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் சேர்ந்த பறவை. ஏறக்குறைய புறாவின் பருமன். நீளம் 30 செ.மீ.க்குச் சற்று அதிகம். தலை பெரியது, அலகு தடித்தது. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பேறிய மார்பும் மங்கலான முதுகுமாகச் சாதாரணமாகவே தெரியும். எழுந்து பறக்கும்போதுதான் அதன் அழகு வெளிப்படும். விரிந்த இறக்கையில் கருநீலமும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக மின்னும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். குரல் மட்டும் அழகுக்குப் பொருந்தாது, கரகரவென்று கத்தும்.

அடர்ந்த காடு இதற்குப் பிடிக்காது. திறந்த வெளியும் ஆங்காங்கே மரங்களும் உள்ள மானாவாரி நிலங்களே இதன் இருப்பிடம். மின்கம்பியிலோ காய்ந்த கிளையிலோ அசையாமல் அமர்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். வெட்டுக்கிளியோ வண்டோ அசைந்தால் இறங்கிக் கவ்வி, பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பும். பெரிய இரையானால் அடித்துக் கொன்றபின் விழுங்கும். வண்டு, வெட்டுக்கிளி, சில்வண்டு, புழு ஆகியவை முக்கிய உணவு. தேள், ஓணான், சிறு தவளையும் விலக்கல்ல. கோடை மழைக்குப்பின் ஈசலும் வண்டும் கிளம்பும் அந்தியில், இருட்டும் வரை வேட்டை நடக்கும். உழவு ஓட்டும் வயலைச் சுற்றியும் இதைப் பார்க்கலாம்.

1912ஆம் ஆண்டிலேயே மேசன், மேக்ஸ்வெல் லெஃப்ராய் ஆகிய இருவர், பீகாரில் உள்ள பூசாவில் பறவைகளின் இரைப்பைகளை ஆராய்ந்து, இந்தியப் பறவைகளின் உணவு பற்றி விரிவான நூல் வெளியிட்டனர். பனங்காடையும் அதில் இடம்பெற்றது. அது பயிருக்கு உதவும் பறவை என்பது புதிய செய்தி அன்று. ஆயினும் மிகைப்படுத்தலும் கூடாது. நன்மை செய்யும் கும்பிடுபூச்சியையும் சிலந்தியையும் அது தின்னும். தண்டுக்குள் துளைத்திருக்கும் புழுவை அதனால் எடுக்க முடியாது. பூச்சி பெருகிவிட்ட வயலை அது ஒன்றே காப்பாற்றிவிடும் என்று நம்பி மற்ற முறைகளைக் கைவிடுவது தவறு.

கர்நாடகம், தெலங்கானா, ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களின் பறவை இது. தெலங்கானாவில் தசராவன்று இதைக் காண்பது நல்ல சகுனம். அதற்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்துக் காட்டிக் காசு வாங்குவோரும் உண்டு. இவ்வாறு பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வணங்கப்படும் பறவைக்கே இந்த நிலை! நாடு முழுவதும் பறவை நோக்குவோரின் பதிவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, பனங்காடையின் எண்ணிக்கை குறிப்பிடத்தக்க அளவு சரிந்திருப்பதைச் சுட்டிக்காட்டியது. சாலையோரம் அடிக்கடி கண்ணில் படுவதால் நமக்கு அது தெரியவில்லை.

பனங்காடையால் மரங்கொத்தி போல் பொந்து குடைய முடியாது. மற்றப் பறவைகள் விட்டுச்சென்ற பொந்தோ, உச்சி உளுத்த பனையின் குழியோதான் வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை இனப்பெருக்கக் காலம். ஆண் பறவை உயரே எழும்பி, புரண்டு புரண்டு கீழே பாய்ந்து வித்தை காட்டும். 3 முதல் 5 வரை வெள்ளை முட்டைகள். 17 முதல் 19 நாட்களில் குஞ்சு வெளிவரும். குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம் செல்லும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக வேளாண்மை நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பட்ட பனையையோ யாரும் மரமாகவே எண்ணுவதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தென்னந்தோப்பில் பட்டு உளுத்த மரங்களை விட்டுவைக்கக் கூடாது; காண்டாமிருக வண்டு அதில் பெருகும். தோப்பை ஒட்டிய பட்ட பனைக்கும் இதுவே பொருந்தும். தென்னை இல்லாத மானாவாரிக் காட்டில், பாதைக்கும் வீட்டுக்கும் மின்கம்பிக்கும் எட்டாத தூரத்தில் நிற்கும் மொட்டைப் பனையை மட்டும் விட்டுவைத்தால் போதும்.

மரமே இல்லாத வயலில் பறவை தாங்கி நடலாம். பயிரைவிட உயரமான குச்சியின் தலையில் குறுக்குக் குச்சி கட்டி, எக்டேருக்கு 50 வீதம் நட வேண்டும். கரிச்சானும் மைனாவும்கூட வந்து அமரும். தானியப் பயிரில் கதிர் பால் பிடிக்கும்முன் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும்; இல்லாவிட்டால் கதிர் கொத்தும் பறவைகளுக்கு அவையே இருக்கையாகும்.

மொட்டைப் பனையை வெட்டியே ஆக வேண்டுமானால் ஜூலைக்குப் பிறகு வெட்டலாம். அதற்குமுன் கோடரி எடுக்க நேர்ந்தால், சற்றுத் தள்ளி அமர்ந்து அரைமணி நேரம் கவனிக்க வேண்டும். வாயில் பூச்சியுடன் பனங்காடை ஒன்று அருகிலுள்ள கம்பியில் வந்து அமர்ந்து, அதை விழுங்காமல் காத்திருந்தால், பொந்துக்குள் குஞ்சுகள் இருக்கின்றன.